பாரைப் பார்க்கும் ஊர்

ஆங்கிலத்தில் 'ரன்' என்கிற சின்னச் சொல்லுக்கு, வினையாக மட்டும் 645 பொருள் எண்ணி வைத்திருக்கிறார்கள் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள். அதற்கு முந்தி 'செட்'தான் அங்கே ராஜா. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். யாராவது இதை வியந்து வியந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் துறுதுறுக்கும். ஐயா, ஒரு நாள் தூத்துக்குடிக்கு வாருங்கள், இரண்டே இரண்டு எழுத்தில் ஒரு சொல் இருக்கிறது, காட்டுகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்துவரத் தோன்றும்.

பார். அவ்வளவுதான் சொல்.

தமிழில் ஒரு பார் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு பார் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், ஆனால் தூத்துக்குடியில் ஒரே தெருவில் வளர்ந்தவை. கடலுக்கு அடியில், மீன் ஏலத்தில், கோர்ட்டு வராந்தாவில், மிளகாய்த் தோட்டத்தில், செல்போன் திரையில் என்று இந்தக் கரையில் எங்கே காதைத் திறந்தாலும் அது விழுகிறது. இப்படி ஒரு சொல்லை, அதன் அத்தனை பொருளோடும் ஒரே ஊரில் கேட்கக் கிடைப்பது பெரிய பாக்கியம் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரியாத பாரிலிருந்தே தொடங்குகிறேன். மன்னார் வளைகுடாவின் அடியில், 12 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை ஆழத்தில், மணல் பரப்புக்கு நடுவே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. பாதி பாறை, பாதி செத்த பவளம். முத்துச்சிப்பி மணலில் நிற்காது. கால்போல நூல் விட்டுப் பிடித்துக்கொள்ள அதற்குக் கெட்டியான தளம் வேண்டும். அந்தத் தளத்துக்குப் பெயர்தான் பார். கொற்கைப் பாண்டியனின் முத்தும், கி.பி. முதல் நூற்றாண்டில் 'பெரிப்ளஸ்' எழுதிய பெயர் தெரியாத கிரேக்க மாலுமி கேள்விப்பட்ட முத்தும் (கொற்கையில் தண்டனைக் கைதிகளை முத்துக் குளிக்க விடுகிறார்கள் என்று அவர் குறித்துவைத்திருக்கிறார்), 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வாய்பிளந்து எழுதிய முத்தும் இந்தப் பார்களில் விளைந்தவைதான்.

இந்தப் பார்களுக்குப் பெயர்கள் உண்டு. அடடா, என்ன பெயர்கள்! தோலாயிரம் பார், தேவி பார், நகர பார், புலிப்புண்டு பார், கூத்தாடியார் பார், நெஞ்சுரிச்சான் பார். போர்ச்சுக்கீசியர் வந்துபோன கரை என்பதற்குச் சாட்சியாக பெர்னாந்து பார், குருசியன் பார். வான்தீவு ஆறுபாகம் பார் என்று ஒன்று. எந்தத் தீவுப் பக்கம் போகவேண்டும், எத்தனை பாகம் ஆழம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு பாகம். ஆழத்தைக் கயிற்றில் அளந்த காலத்துக் கணக்கு அது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ராஜாவுக்குச் சிப்பி சோதிச்ச பார். ஒரு முழு வாக்கியத்தையே பெயராகக் கடலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்! எந்த ராஜா, எந்த வருஷம் என்பதெல்லாம் போய்விட்டது, சோதித்துக் காட்டிய அந்த ஒரு நாள் மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கில ஆய்வேடுகளிலும் இந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அந்த வறண்ட அட்டவணைகளை நான் பாட்டுப் புத்தகம் போல வாய்விட்டுப் படித்திருக்கிறேன்.

அக்கரையிலும் இதே சொல்தான். இலங்கைப் பக்கத்து முத்துப் படுகைகளுக்குப் பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் என்று பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படுகைகளை ஆராய்ந்த ஹெர்ட்மன், லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட பெரிய பெரிய தொகுதிகளில் அதை மொழிபெயர்க்க முயலவே இல்லை. 'பார்' என்றே ஆங்கில எழுத்தில் எழுதினார். சென்னை மாகாணத்துக்காக இந்தக் கரையில் ஆயுசைச் செலவழித்த ஜேம்ஸ் ஹார்னலும் அப்படித்தான். கட்டுமரமும் சங்கும் ஆங்கிலத்துக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். பார் போன கதையை யாரும் கொண்டாடுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சரி, பார் இருக்கிறது. சிப்பி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஒவ்வொரு சலாபத்துக்கும் முன்னால் (முத்துக் குளிப்புப் பருவத்துக்கு இந்தக் கரையில் சலாபம் என்று பெயர்) அதிகாரிகள் குளியாளிகளோடு தோணியில் போய் ஒவ்வொரு பாராகப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்து, கரையில் அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைத் தரம் பிரித்து மதிப்புப் போடுவார்கள். ஆணி முத்து எவ்வளவு, தூள் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, கட்டுப்படியாகும் என்றால்தான் சலாபம் அறிவிப்பார்கள். பாரைப் பார்த்தார்கள்! பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும் இந்த இரண்டு சொல் வாக்கியம் தூத்துக்குடியில் அலுவல் நடைமுறையாகவே இருந்திருக்கிறது. வேறு எந்தக் கரைக்கு இந்தக் கொடுப்பினை!

சலாபத்தில் குளியாளி எடுத்த சிப்பியில் அவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவான். மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடிப்பார். அந்த ஆள் மச்சானாக இருக்க வேண்டும் என்று கரையில் இன்னும் சொல்கிறார்கள். அக்காள் தாலியைக் காப்பாற்றுகிற கை கயிற்றை விடாது என்பது கணக்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் போடும் ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். மார்க்கோ போலோ காலத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரருக்கு என்றால் அந்த வேலையின் மரியாதையைப் பாருங்கள்.

1955-லிருந்து 1961 வரை வருஷா வருஷம் சலாபம் நடந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் சலாபம் இல்லை. பாரில் சிப்பி விழுவதும் அழிவதும் பழைய காலத்திலேயே கணிக்க முடியாததாகத்தான் இருந்திருக்கிறது. கிளாத்தி மீன் கொத்தித் தின்னும், திருக்கை நொறுக்கித் தின்னும், சூரன் என்கிற சின்னச் சிப்பி பாய் விரித்ததுபோலப் பெருகி முத்துச்சிப்பியை மூச்சுமுட்ட வைக்கும். வருஷக்கணக்கில் பார் வெறுமையாகக் கிடந்து, திடீரென்று ஒரு வருஷம் நிறையும். பரதவர் வீடுகளில் வாழ்வும் தாழ்வும் அதைப் பொறுத்தே இருந்தது.

முத்து போனாலும் பார் போகவில்லை, சொல்லும் போகவில்லை. மீன் கூடுகிற இடம் பார்தான். கலவா, விளமீன், பாரை எல்லாம் அங்கே வரும். (பாரை மீனுக்கும் பாருக்கும் உறவு உண்டு என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பாரில் பிடித்த பாரையைக் குழம்பு வைத்துச் சாப்பிடும்போது வரும் சந்தோஷம் தனி.) குமரிக் கடலிலும் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்றுதான் சொல்கிறார்கள். கரையில் தெரியும் கோபுரமும் மலையும் எந்தக் கோணத்தில் ஒன்றன்மேல் ஒன்று வருகிறது என்று பார்த்து, நடுக்கடலில் அதன் தலைக்குமேல் போய் நிற்கிற வித்தைக்கு அங்கே கணிச்சம் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத பாரைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிப்பது!

திரேஸ்புரம் கடற்கரையில் சாய்த்துப் போட்டிருந்த நாட்டுப்படகின் நிழலில் உட்கார்ந்து ஒரு சங்குக் குளியாளியிடம் பேசிக்கொண்டிருந்தேன். இளவயதிலிருந்து கடலுக்கு அடியில் வேலை பார்த்தவர். சங்குக் குளிக்க ஆழம் இறங்குவது எப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன்.

"பாரைப் பாத்து, பாத்து எறங்கணும், பாத்துக்கிடுங்க. ஒடம்பைப் பாக்காம எறங்கப் பாத்தா முடிஞ்சிது கதை."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார். எனக்கு எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. ஆறு பார்! ஒன்றுக்கு இன்னொன்று பொருளில் இடிக்கவில்லை. முதல் பார், கடலடிப் பாறை. இரண்டாவது, கண்ணால் காண்பது. மூன்றாவது, நிதானமாக, எச்சரிக்கையாக. நான்காவது பாத்துக்கிடுங்க, இது நம் நெல்லைச் சீமை வாக்கியத்தின் வால், கேட்பவரைத் தோளில் தட்டிக் கூடச் சேர்த்துக்கொள்வது. ஐந்தாவது, பொருட்படுத்தாமல். ஆறாவது, முயல்வது. அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் இலக்கணம் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்கிற நானும் ஒரு நொடி கூடக் குழம்பவில்லை. ஒரு மொழிக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற சொத்து இது.

அந்த ஆறாவது பாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். 'இறங்கிப் பார்' என்றால் இறங்கிச் சோதித்துப் பார். 'இறங்கப் பார்' என்றால் இறங்க முயற்சி செய். ஒரே ஒரு எழுத்து மாறுகிறது, வாழ்க்கையே மாறுகிறது. 'விழுந்து பார்த்தான்' என்றால் வேண்டுமென்றே விழுந்திருக்கிறான். 'விழப் பார்த்தான்' என்றால் ஐயோ, நல்லவேளை, விழவில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் பார் வினையாகவும் வரும், துணைவினையாகவும் வரும். அந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தீர்கள் என்றால், கண்ணுக்குத் தொடர்பே இல்லாத எத்தனை வேலைகளை இந்தச் சொல் செய்கிறது என்று அசந்துபோவீர்கள்.

உப்பளத்தில் வேலை பார்க்கிறார்கள். துறைமுகத்தில் லாரிக்காரர்கள் லோடு வர வழி பார்த்து நிற்கிறார்கள். பழுது பார்க்கிற பட்டறையில் தோணி என்ஜின் பிரிந்து கிடக்கிறது. படகு இறக்க நாள் பார்க்கிறார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அந்த மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று ஆழம் பார்க்கிறார்கள். சீசன் நன்றாக இருந்தால் நாலு காசு பார்க்கிறார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறார்கள். பிள்ளைக்கு மூன்று மாதமாகிவிட்டால், 'முகம் பாக்குதா?' என்று எதிர்வீட்டு ஆச்சி விசாரிக்கிறாள். ஜூலை 26-ல் பனிமய மாதா கோயிலில் கொடியேறிவிட்டால், ஆகஸ்ட் 5 வரை வெளியூரில் இருக்கிற சொந்தமெல்லாம் திருவிழா பார்க்க வந்து இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் பாருங்கள்: டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார், நோயாளி டாக்டரைப் பார்க்கிறார், மகள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்று உறவுக்கும் வினை ஒன்றுதான். கிழக்குப் பார்த்த வாசல், கடலைப் பார்த்த வீடு என்று கண்ணில்லாத வீட்டையும் இந்தச் சொல் பார்க்க வைத்துவிடுகிறது.

மீன்பிடித் துறைமுகத்து ஏலம் இந்தச் சொல்லுக்கு நடக்கும் திருவிழா. விசைப்படகுகள் விடியும் முன்னே கடலுக்குப் போய் இரவில் திரும்பும். விளக்கு வெளிச்சத்தில் கூடை கூடையாக மீன் இறங்கும். வியாபாரிகள் வளைத்து நிற்பார்கள். சாளைக்கூடையில் கையை விட்டு அடிமீனை எடுத்துப் பார்ப்பார் ஒருவர், செவுளைத் தூக்கிப் பார்ப்பார் இன்னொருவர். விலை ஏறி நின்றதும் வரும் அந்த வாசகம்: "பாத்துக் குடுங்க அண்ணாச்சி." இதற்கு என்ன பொருள்? என் கஷ்டத்தைப் பாருங்கள், என் சரக்கைப் பாருங்கள், நம் பழக்கத்தைப் பாருங்கள், அப்புறம் உங்கள் மனசு சொல்கிற தொகையைக் கொடுங்கள். மூன்று சொல்லில் ஒரு வியாபார உடன்படிக்கை! மறுபக்கத்திலிருந்து "பாப்போம்" என்று பதில் வரும். அது வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம், வேணும் என்பதாகவும் இருக்கலாம். குரலைக் கேட்டால்தான் தெரியும். நான் மீன் வாங்க வேண்டிய தேவை இல்லாத நாட்களிலும் இந்தப் பாத்துக் குடுங்களைக் கேட்பதற்காகவே அங்கே போய் நின்றிருக்கிறேன்.

எல்லாப் பாரையும்விடக் கனமானது ஒன்று இருக்கிறது. வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கடலுக்குக் கிளம்புகிற மகனிடம் தாய் சொல்வது. "பாத்து." வினைமுற்று இல்லை, எதைப் பார்த்து என்பது இல்லை. பாதி சொல்லி நிறுத்திய அந்தச் சொல்லுக்குள் காற்று, அலை, கயிறு, நடுக்கடலில் இலங்கைக் கடற்படை எல்லாம் அடங்கிவிட்டன. எந்த அகராதி இதற்குப் பொருள் எழுத முடியும்?

கடலுக்கு அடியில் மீண்டும் ஒருமுறை இறங்குகிறேன், இந்தத் தடவை ஆங்கிலப் பாருக்காக. அழுத்தத்தை அளக்கிற அலகுக்கும் பார் என்றுதான் பெயர். எடை என்கிற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கம்பி, தடுப்பு என்று பொருள்படும் ஆங்கிலப் பாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆக, ஆங்கிலத்துக்குள்ளேயே இரண்டு பார்! கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தருகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடும். ஆகவே 20 மீட்டர் ஆழத்திலிருக்கும் முத்துப் பாரில் நிற்கிற குளியாளியின் மேல் மூன்று பார். பாரில் மூன்று பார்! அறிவியலும் ஊர்ப்பேச்சும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும் என்று யார்தான் திட்டம் போட்டிருக்க முடியும்? ஆய்வுக்காக ஸ்கூபா உடுத்தி இறங்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரை 200 பார் வரை நிரப்புகிறார்கள். அந்த அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்க இறங்க மேலே வந்துவிட வேண்டும். பாரைப் பார்த்துக்கொண்டே பாரையும் பார்க்க வேண்டும் என்று நான் உற்சாகத்தில் கூவியபோது கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது அட்சர சுத்தமான உண்மை. கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு சங்குக்கு இறங்கும் ஆட்களுக்கு அந்த முள் கிடையாது. மூட்டுவலியும் பக்கவாதமுமாக அந்த அழுத்தம் எத்தனை உடம்புகளைத் தின்றிருக்கிறது என்பதையும் அதே கரையில்தான் கேட்டேன். அவசரமாக மேலே ஏறுவதுதான் ஆபத்து. அழுத்தம் சட்டென்று குறைந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகிவிடுகிறது.

மில்லிபாரையும் விட்டுவிடக் கூடாது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோவில் சொல்வதெல்லாம் அதன் கணக்குத்தான். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் படகு இறங்காது.

இனி கோர்ட்டுப் பார். வழக்காடு மன்றத்தில் நீதிபதியின் இடத்தைப் பிரித்து வைத்திருந்த கட்டைத் தடுப்புக்கு ஆங்கிலத்தில் பார் என்று பெயர். அதன் பக்கம் நின்று வாதாட உரிமை பெற்றவர்கள் கூட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. பாரிஸ்டர் என்கிற சொல்லின் தலையில் இருப்பதும் அதுதான். தூத்துக்குடியில் இந்தப் பாரைப் பற்றிப் பேசினால் வ.உ.சி. வராமல் இருப்பாரா? ஒட்டப்பிடாரத்தில் வக்கீலாகத் தொடங்கி இந்த ஊருக்கு வந்தவர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-ல் தண்டனை, சிறை, செக்கு. கப்பலும் போயிற்று, வக்கீல் சன்னதும் போயிற்று. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தவருக்குக் கோட்டு மாட்டிக் கோர்ட்டில் நிற்க உரிமை இல்லை. பிறகு அந்தச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதி. வெள்ளைக்கார ஆட்சியை நெஞ்சு நிமிர்த்தி எதிர்த்தவர், அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வாலஸ், வாலேசுவரன்! பகைக்குள்ளும் நன்றியை வைத்துக்கொள்ள அந்தப் பெரிய மனசுக்கு இடம் இருந்திருக்கிறது. இந்த ஊர்த் துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கப்பலோடு கூடவே, கோர்ட்டில் அவர் மீண்டும் எழுந்து நின்ற அந்த முதல் நாளும் நினைவுக்கு வரும்.

ஊரைவிட்டு மேற்கே, வடக்கே போனால் கரிசல். விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம் பக்கம் கிணறு இருக்கிற புஞ்சைகளில் மிளகாய்க்கும் பருத்திக்கும் பார் போடுகிறார்கள். மண்ணை அணைத்து உயர்த்திய வரப்பு பார், இரண்டு பாருக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற பள்ளம் சால். கடலடியில் சிப்பி பிடித்துக்கொள்ளும் மேடும் பார், தரையில் செடி வேர்பிடிக்கும் மேடும் பார். நான் முதலில் கடல் பாரைத் தெரிந்துகொண்டு அப்புறம்தான் இந்தப் பாரைக் கேட்டேன். ஒரு மிளகாய்த் தோட்டத்து அக்கா, "பாரைப் பாத்து மிதிங்க தம்பி, மேல மிதிச்சிராதீய" என்று கத்தியபோது, கடற்கரைப் பெரியவரின் வாக்கியம் மண்ணில் முளைத்து நிற்பதுபோல் பூரித்துப் போனேன்.

அந்தக் கரிசலில்தான் எட்டயபுரம். 1882-ல் அங்கே பிறந்த பாரதிக்குப் பார் என்றால் உலகம். பூமி, நிலம், நாடு என்று நிகண்டுகள் சொல்லிவந்த பழைய பொருள் அது. பாரதி அதைத் தேசப் பாட்டுக்குள் கொண்டுவந்து ஊர் ஊராகக் குழந்தைகள் வாயில் வைத்துவிட்டார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே திவாகரமும் பிங்கலமும் தனித்தொகுதி வைத்திருந்தன. நம் முன்னோர் இதை ஒரு குழப்பமாக நினைக்காமல் செல்வமாக எண்ணித் தொகுத்தார்கள் என்பதை நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது. 1924-லிருந்து 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் பார் என்கிற பதிவைத் திறந்து வைத்தால், உலகமும் பாறையும் வரப்பும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

மிச்சமுள்ள பார்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மளிகைக்கடையில் நீளமாக வாங்கி வீட்டில் துண்டு போட்ட பார் சோப்பு. கடற்கரையில் காலையில் பையன்கள் தொங்கித் தாவும் பார். பெட்டி பெட்டியாகக் கப்பலேறும் சரக்கின்மேல் ஒட்டிய பார்கோடு. மதுக்கடைப் பார்; அதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை, மீனவக் குடும்பத்துப் பெண்களைக் கேட்டால் நிறையச் சொல்வார்கள். செல்போனில் டவர் காட்டும் பார் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். படகு கரையை விட்டு விலக விலக நாலு பார் மூன்றாகும், இரண்டாகும், ஒன்றும் இல்லாமல் போகும். "பார் போச்சு, இனி பார் வந்துரும்" என்றான் என்னைக் கூட்டிப்போன படகில் இருந்த இளவட்டம். டவர் போய்விட்டது, பாறைத்திட்டு நெருங்கிவிட்டது என்று பொருள். அவன் வெகு இயல்பாகச் சொன்னான், படகில் இருந்த மற்றவர்களும் இயல்பாகவே கேட்டுக்கொண்டார்கள். ஆயிரம் வருஷத்துச் சொல்லும் நேற்று வந்த சொல்லும் ஒரே மூச்சில்!

அதே இளவட்டத்தின் கையில் ஜிபிஎஸ் இருந்தது. பாரின் இடம் அதில் எண்ணாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணுக்குமேல் அவன் அப்பா சொன்ன பெயரைத் தட்டச்சு செய்து வைத்திருந்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எல்லாப் பிள்ளைகளும் அப்படிச் செய்வதில்லை. எண் மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சலாபம் நின்று அறுபது வருஷம் தாண்டிவிட்டது. பார்களின் பெயரைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய கிழவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அரசாங்க அட்டவணையில் இருப்பவை முத்துப் பார்கள் மட்டும்தான். மீன்பிடிக்கிற பார்களுக்குக் குடும்பத்துக்குக் குடும்பம் வைத்திருக்கிற செல்லப் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

1973-ல் இதே கரையில், வேப்பலோடையில், அழகர்சுவாமி தலைமையில் விஞ்ஞானிகள் முத்துச்சிப்பிக்குள் கருவை வைத்து இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். பாரே இல்லாமல் கூண்டில் தொங்கவிட்ட சிப்பியில் விளைந்த முத்து. அற்புதமான சாதனை. ஆனால் அந்த ஆய்வுக்குத் தாய்ச்சிப்பி கிடைத்தது எங்கே? பாரிலிருந்துதான். சொல்லும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அதை அகராதிக் கூண்டில் எத்தனை அழகாகத் தொங்கவிட்டாலும், விளைகிற இடம் திரேஸ்புரத்து மணலும் துறைமுகத்து ஏலத்திண்ணையும்.

ஆகவே வாருங்கள். படகு திரும்பும் நேரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள், பாத்துக் குடுங்களைக் கேளுங்கள். மறுநாள் திரேஸ்புரம் போய், வலை பிரித்துக்கொண்டிருக்கிற வயதானவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். எடுத்தவுடன் முத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அலுத்துப்போயிருப்பார். "உங்க பாருக்கெல்லாம் என்னென்ன பேரு அண்ணாச்சி?" என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பெயரோடு, எத்தனை பாகம், கரையில் எதை அடையாளம் வைத்துப் பிடிப்பார்கள், எந்த மாதத்தில் என்ன மீன் கூடும், அந்தப் பெயர் யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் விட்டுப்போன இரண்டு மூன்று பார் அவருக்கு ஞாபகம் வரும்.